மூன்று வாரத்தில் கைவிட்ட மருந்து

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்திலோ, சில்லி சாஸ் போத்தலுக்குப் பின்னாலோ ஒரு சின்னக் கண் சொட்டு மருந்துப் போத்தல் ஒளிந்திருக்கும். யாருக்கு வாங்கியது, எதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தார், எப்போது மூடியைத் திறந்தோம் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் யாருக்காவது கண் சிவந்துவிட்டால் போதும், "அந்த மருந்தை எடுத்து ரெண்டு சொட்டு விடு" என்று ஒரு குரல் வரும்.

எங்கள் வீட்டில் அப்படி மூன்று போத்தல்கள் இருந்தன. பத்து ஆண்டுகளுக்கு மேலாக இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியையின் வீடு அது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. இரண்டு ஆண்டுகளாகக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். காற்றாடிக்கு நேராக உட்கார முடியாது. மாலை நேரத்தில் எழுத்து மங்கும், இரண்டு மூன்று முறை கண்ணைச் சிமிட்டினால் மீண்டும் தெளியும். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, "நாள்பட்ட கண் வறட்சி" என்றார். அம்மா வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "காலையில எழுந்ததுலேருந்து கண்ணுல தண்ணியா கொட்டுது. இவரு காஞ்சு போச்சுன்னு சொல்றாரு. வேற டாக்டரைப் பார்ப்போமா?"

அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் செயற்கைக் கண்ணீர் கொடுத்தார்கள். நான்கு மாதம் போட்டும் பெரிய மாற்றமில்லை. அடுத்து சைக்ளோஸ்போரின் என்ற சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும், விலையும் கொஞ்சம் கூடுதல். பார்ப்பதற்குப் பால்போல் வெள்ளையாக இருந்தது. முதல் நாளே கண் எரிந்தது. "மிளகாய் அரைச்ச கையால கண்ணைத் தொட்ட மாதிரி இருக்கு" என்றார் அம்மா. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். எரிச்சல் மட்டும் குறையாமல் இருந்தது, உறுத்தலும் அப்படியே இருந்தது. நான்தான் சொன்னேன்: "எரியற மருந்து எப்படிம்மா கண்ணுக்கு நல்லது? நிறுத்திடுங்க."

அன்று மாலையே கடையிலிருந்து "கண் சிவப்பைப் போக்கும்" சொட்டு மருந்து ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் போட்ட ஒரு நிமிடத்தில் அம்மாவின் கண் வெள்ளை வெளேர் என்று ஆனது. "இதுதாம்மா மருந்து!" என்று அம்மா என்னைப் பாராட்டினார். நானும் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அம்மாவின் கண் முன்பைவிட மோசமாக இருந்தது. "எத்தனை நாள் மருந்து போட்டீர்கள்?" என்று கேட்டார். "மூன்று வாரம்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் அறிவியல் ஆசிரியைதானே?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மாணவர்களே, என் கருத்து இதுதான். கண் சொட்டு மருந்தை, போட்ட முதல் நிமிடத்தில் கண் எப்படி உணர்கிறது என்பதை வைத்து நாம் எடைபோடுகிறோம். எரிந்தால் கெட்டது, குளிர்ந்தால் நல்லது, சிவப்பு மறைந்தால் மிக நல்லது. கண் வறட்சி நோயில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. மருத்துவர் கொடுத்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேண்டாத போத்தலைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். இதை மாற்ற மருத்துவர்களால் மட்டும் முடியாது. வீட்டில் மருந்துப் பெட்டியின் எழுத்துகளைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். பல வீடுகளில் தாத்தா பாட்டிக்கு மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டுவதும் நீங்கள்தான்.

இப்போது அம்மாவின் கேள்வி. தண்ணீர் கொட்டும் கண் எப்படி வறண்ட கண்ணாகும்?

கண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர் என்று நாம் நினைக்கிறோம். அது மூன்று பொருள்களின் கூட்டு. விழியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது வழவழப்பான சளி. அதற்கு மேல் உப்புகளும் புரதங்களும் கரைந்த நீர். எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். இந்த எண்ணெய் இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. 1666இல் அவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் பெயர்தான் அவற்றுக்கு. மூன்றும் சேர்ந்த கண்ணீர்ப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர். உங்கள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கண்ணில் எந்த நேரத்திலும் இருக்கும் கண்ணீரின் மொத்த அளவு சுமார் 7 மைக்ரோலிட்டர்தான்.

எண்ணெய் குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகும். சளி குறைந்தால் நீர் விழியில் ஒட்டாது, மெழுகு பூசிய காரின் மேல் விழுந்த மழைத்துளி போலத் திரளும். இரண்டிலும் விழியின் மேற்பரப்பு ஆங்காங்கே வெறுமையாகிறது. அந்த இடத்திலுள்ள நரம்புகள் மூளைக்கு அபாயச் செய்தி அனுப்புகின்றன. உடனே பெரிய கண்ணீர்ச் சுரப்பி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருவதும் இதே அவசரக் கண்ணீர்தான். அதில் நீர் நிறைய, எண்ணெயும் சளியும் போதாது. கன்னத்தில் வழிந்துவிடும், விழியில் நிற்காது. வீட்டுக்கூரையில் ஓட்டை இருக்க, வாசலில் வெள்ளம் ஓடுவதைப் போன்ற நிலை. அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "அப்போ அந்த டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்று சற்றுத் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

மருத்துவர் இதை எப்படி அளந்தார் என்பது உங்களுக்குப் பிடிக்கும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பயன்படுத்தும் வடிதாளை 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கியதுபோன்ற ஒரு துண்டு. அதன் நுனியை மடித்துக் கீழிமைக்குள் மாட்டிவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணீர் நுண்புழை ஏற்றத்தால் தாளில் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று அளப்பார்கள். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903இல் அறிமுகப்படுத்திய இந்தச் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகக் கவலையில்லை. 5க்குக் கீழ் என்றால் கண்ணீர் போதவில்லை. அம்மாவுக்கு 4.

சரி, கண்ணீர் குறைவு என்றால் செயற்கைக் கண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கலாமே, எதற்கு வேறு மருந்து? பலருக்கு அதுவே போதும். இலேசான வறட்சிக்கு அதுதான் முதல் மருந்து. ஆனால் நாள்பட்ட வறட்சி வேறு கட்டத்துக்குப் போய்விடுகிறது. கண்ணீரிலுள்ள நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சிய கண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்குகிறது. வகுப்பில் ஓஸ்மோசிஸ் படித்திருக்கிறீர்கள். செறிவான உப்புக் கரைசலில் வைத்த உருளைக்கிழங்குத் துண்டு என்ன ஆனது? சுருங்கித் தொய்ந்தது அல்லவா? விழியின் மேற்பரப்பிலுள்ள உயிரணுக்களும் அதே துன்பத்தைப் படுகின்றன. அவை இரசாயனச் செய்திகளை அனுப்ப, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி-உயிரணுக்கள் அங்கே வந்து கூடுகின்றன. அழற்சி தொடங்குகிறது. அழற்சி, சளி சுரக்கும் உயிரணுக்களை அழிக்கிறது, கண்ணீர்ச் சுரப்பியையும் மந்தமாக்குகிறது. சளி குறைந்தால் கண்ணீர் நிற்காது, நிற்காவிட்டால் மேலும் உப்பு, மேலும் அழற்சி. செக்கு மாடுபோல் இது சுற்றிச் சுற்றி வரும். கண் வறட்சி என்றால் தண்ணீர்ப் பஞ்சம் என்று மட்டுமே எண்ணியிருந்த மருத்துவ உலகம், கடந்த சில பத்தாண்டுகளில்தான் அதை அழற்சி நோயாகவும் பார்க்கத் தொடங்கியது. 2017இல் அனைத்துலக வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட வரையறையில் அழற்சிக்கும் இடம் உண்டு.

சுற்றும் செக்கை நிறுத்த வேண்டும் என்றால் டி-உயிரணுக்களை அடக்க வேண்டும். சைக்ளோஸ்போரினின் வேலை அதுதான். இந்த மருந்தின் பயணம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1969இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்துக்கு விடுமுறைக்குப் போனார். போன இடத்தில் கொஞ்சம் மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். புதிய கிருமிக்கொல்லிகளைத் தேடுவதற்காக ஊழியர்கள் அப்படி மண் கொண்டு வருவது அந்த நிறுவனத்தில் வழக்கம். அந்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. கிருமிகளைக் கொல்வதில் அது சுமார்தான். ஆனால் 1972இல் அது நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்குகிறது என்று கண்டார்கள். மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அது பயன்படும் என்பது தெளிவானது. 1983இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

சிறுநீரகத்திலிருந்து கண்ணுக்கு எப்படி வந்தது? நாய்கள் வழியாக. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவராக இருந்த ரெனே காஸ்வன், 1980களில் கண் வறண்டு பார்வை மங்கிய நாய்களுக்கு சைக்ளோஸ்போரினைச் சொட்டு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். கண்ணீர் திரும்பி வந்தது. பிறகு மனிதர்களுக்கான ஆய்வுகள் நடந்து, 2002 டிசம்பரில் 0.05 விழுக்காட்டுச் சொட்டு மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. மண்ணிலிருந்து என் அம்மாவின் கண்ணுக்கு வர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நான் மூன்று வாரம் பொறுக்கவில்லை.

சிறுநீரக மாற்று மருந்து என்றதும் பயம் வரும், எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.05 விழுக்காடு என்றால் 100 மில்லிலிட்டரில் 0.05 கிராம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர் என்று வைத்தால் அதில் இருப்பது 0.015 மில்லிகிராம். இரண்டு கண்ணுக்கும் நாளுக்கு இரண்டு முறை என்றால் மொத்தம் 0.06 மில்லிகிராம். உறுப்பு மாற்று நோயாளிகள் நாளுக்குச் சில நூறு மில்லிகிராம் விழுங்குகிறார்கள். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இன்னொரு சுவையான செய்தி. சைக்ளோஸ்போரின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் அந்தச் சொட்டு மருந்தில் ஆமணக்கு எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய், நுண்துளிகளாகக் கலந்திருக்கிறது. பால்போல் வெள்ளையாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். கண் குளிர்ச்சிக்கு விளக்கெண்ணெய் தடவிய உங்கள் பாட்டி இதைக் கேட்டால் மகிழ்வார். ஆனால் தயவுசெய்து சமையலறை விளக்கெண்ணெயையோ, பன்னீரையோ, தேனையோ கண்ணுக்குள் விடவேண்டாம். கண்ணுக்குள் போவது கிருமி நீக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீரால் பலருக்குப் பார்வை போனது, சிலர் உயிரிழந்தார்கள். தொழிற்சாலையில் செய்ததற்கே அந்த நிலை.

ஏன் இந்த மருந்து இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது? சைக்ளோஸ்போரின் டி-உயிரணுவுக்குள் கால்சிநியூரின் என்ற நொதியத்தைத் தடுக்கிறது. அந்த நொதியம் இல்லாமல் டி-உயிரணு மற்ற டி-உயிரணுக்களைப் பெருக்கும் செய்தியை உருவாக்க முடியாது. கவனியுங்கள், புதிய கூட்டம் சேர்வதைத்தான் அது தடுக்கிறது. ஏற்கெனவே வந்து குடியேறியவை மறைய வேண்டும். அழிந்த சளி உயிரணுக்கள் மீண்டும் முளைக்க வேண்டும். சுரப்பி தேற வேண்டும். இதற்கு மூன்று முதல் ஆறு மாதம்வரை ஆகும். உடைந்த கையில் மாவுக்கட்டுப் போட்ட மறுநாளே பந்து விளையாட முடியாது என்பதை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோம். கண் விஷயத்தில் மட்டும் ஏனோ அவசரப்படுகிறோம்.

நான் இந்த மருந்துக்கு விளம்பரம் செய்யவில்லை. உண்மையான எண்களையும் சொல்லிவிடுகிறேன். ஒப்புதலுக்காக நடந்த ஆய்வுகளில், ஆறு மாத முடிவில் வடிதாள் சோதனையில் 10 மில்லிமீட்டர் கூடுதலாக நனைந்தவர்கள் மருந்து போட்டவர்களில் 15 விழுக்காடு. மருந்தில்லாத அதே எண்ணெய்க் கலவையைப் போட்டவர்களில் 5 விழுக்காடு. மும்மடங்குதான், ஆனால் நூற்றில் எண்பத்தைந்து பேருக்கு அந்த அளவு மாற்றம் வரவில்லை. எரிச்சல் கண்டவர்கள் 17 விழுக்காடு. 2019இல் காக்ரன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றே கூறியது. ஆகவே ஆறு மாதம் போட்டும் பயனில்லை என்று ஒருவர் நிறுத்தினால், மருத்துவரோடு பேசி நிறுத்தினால், அதில் நியாயம் இருக்கிறது. மூன்று வாரத்தில் நிறுத்தினால் அது எந்த முடிவையும் காட்டாது. விதை போட்ட பையில் ஒரு நாள் கழித்து முளை இல்லை என்று பரிசோதனை அறிக்கையில் எழுதினால் நான் உங்களுக்கு மதிப்பெண் கொடுப்பேனா?

வேறு மருந்துகளும் வந்துள்ளன. 2010இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்ற டைக்குவாஃபோசால் நீரையும் சளியையும் சுரக்கத் தூண்டுகிறது. 2016இல் அமெரிக்காவில் வந்த லிஃபிடெகிராஸ்ட் டி-உயிரணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. 2021இல் மூக்கில் தெளிக்கும் மருந்துகூட ஒன்று வந்தது, மூக்கு நரம்பைத் தூண்டினால் கண்ணீர் சுரக்கும் என்ற உடற்கூற்றைப் பயன்படுத்தி. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்தச் சிவப்பு போக்கும் போத்தலுக்கு வருவோம். அதிலிருப்பது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் வேதிப்பொருள். நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்ற பெயர்களைப் பெட்டியில் தேடிப் பாருங்கள். குழாய் சுருங்கினால் சிவப்பு மறையும். அழற்சி அப்படியே இருக்கும். மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்பைவிட விரியலாம், கண் முன்பைவிடச் சிவக்கலாம். அதனால் மீண்டும் போடத் தோன்றும். வீட்டில் தீப்பிடித்து எச்சரிக்கை மணி அடிக்கும்போது மணியின் கம்பியை மட்டும் அறுத்துவிட்டு, "சத்தம் நின்றுவிட்டது" என்று மகிழ்வதைத்தான் நான் அம்மாவுக்குச் செய்தேன். போதாக்குறைக்கு, பல போத்தல்களில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருள் இருக்கும். அடிக்கடி போட்டால் அதுவே விழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கும். வறட்சியுள்ளவர்களுக்குப் பதப்பொருள் இல்லாத சிறு குப்பிகளை மருத்துவர்கள் விரும்புவது இதனால்தான்.

இதையெல்லாம் எழுத என்னைத் தூண்டியது அம்மாவின் கதை மட்டுமல்ல. சில மாதங்களுக்கு முன் என் படிவம் நான்கு வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்கடியில் தலையைச் சாய்த்துக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தான். இரவு முழுக்கக் கைப்பேசியில் விளையாட்டு, காலையில் கண் சிவப்பு. "பாட்டியோட மருந்து டீச்சர். கண் ஆபரேஷன் செஞ்சப்போ கொடுத்தது. போட்டா உடனே சரியாயிடும்" என்றான். போத்தலை வாங்கிப் பார்த்தேன். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது தேவை. கடுமையான வறட்சியிலும், சைக்ளோஸ்போரின் வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரம் மட்டும் மென்மையான ஸ்டீராய்டை மருத்துவர்கள் தருவதுண்டு. ஆனால் கண்ணின் அழுத்தத்தை அளந்துகொண்டே தருவார்கள். காரணம், ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஓரளவு உயரும். நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக உயரும். வலிக்காது. சிவக்காது. பார்வை நரம்பு சத்தமில்லாமல் சேதமாகும். போன நரம்பு திரும்பாது. கண்ணில் அக்கிக் கிருமி இருந்தால் ஸ்டீராய்டு அதற்கு விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது, கண்ணாடியில் பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும்.

அந்த மாணவன் நான்கு நாள்தான் போட்டிருந்தான். அவன் அப்பா கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனார், அழுத்தம் சரியாக இருந்தது. அவனுக்கு வறட்சி நோயே இல்லை. ஒவ்வாமையும், தூக்கக் குறைவும், நாள் முழுக்கக் கழற்றாத கண்வில்லையும்தான். நல்லவேளை என்று நான் பெருமூச்சு விட்டேன். அவன், "பார்த்தீங்களா டீச்சர், ஒண்ணும் ஆகலை" என்றான். அந்தப் பதில்தான் எனக்குத் தூக்கம் வரவிடவில்லை.

உங்களில் பெரும்பாலோருக்கு மருத்துவர் சீட்டில் வரும் சொட்டு மருந்து தேவைப்படாது. அந்த 0.05 விழுக்காட்டு சைக்ளோஸ்போரினே பதினாறு வயதுக்குக் கீழானவர்களின் கண் வறட்சிக்குச் சோதித்து உறுதிசெய்யப்பட்டதல்ல. உங்கள் கண் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் சிமிட்ட மறப்பதுதான். 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 104 அலுவலக ஊழியர்களைக் கவனித்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை சிமிட்டினார்கள். புத்தகம் படிக்கும்போது 10. கணினித் திரையைப் பார்க்கும்போது 7. நீங்களே நண்பரை விளையாட விட்டு எண்ணிப் பாருங்கள், ஆனால் எண்ணுகிறீர்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் முடிவு மாறிவிடும். பிரத்தியேக வகுப்பில் குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் உட்காராதீர்கள். புகைமூட்டக் காலத்தில் கண்வில்லைக்குப் பதில் கண்ணாடி அணியுங்கள். இவ்வளவு செய்தும் உறுத்தல் சில வாரங்களுக்கு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் அன்றே பாருங்கள்.

"கிளினிக் போக நேரமில்லை, காசில்லை, அதனால்தான் வீட்டு மருந்து" என்று பெற்றோர் சொல்வது எனக்குத் தெரியும். இரண்டு வேலை பார்க்கும் குடும்பங்கள் என் வகுப்பில் இருக்கின்றன, அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். மருந்தகத்தில் மருந்தாளுநரிடம் போத்தலைக் காட்டி "இது என்ன மருந்து, என் கண்ணுக்கு ஆகுமா?" என்று கேட்பதற்குக் காசே இல்லை. காத்திருக்க வேண்டும், அது உண்மை. போகும்போது பாடப் புத்தகத்தைக் கொண்டு போங்கள்.

வீட்டில் யாருக்காவது மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்து இருந்தால், அவருக்கு நீங்கள் போட்டுவிடலாம். கையைக் கழுவுங்கள். கீழிமையை மெல்ல இழுத்தால் ஒரு சிறு பை உண்டாகும், அதில் ஒரே ஒரு சொட்டு. போத்தலின் நுனி இமையில் படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை விரலால் ஒரு நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் வடியும் துளை இருக்கிறது, தொண்டையில் கசப்புத் தெரிவது அதனால்தான். ஏன் ஒரே சொட்டு? ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் பை கொள்ளக்கூடியதே சுமார் 30. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். வேறு மருந்தும் போட வேண்டுமானால் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். பெரும்பாலான போத்தல்களைத் திறந்து நான்கு வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் அதன்மேல் எழுதி வையுங்கள்.

அம்மா மீண்டும் சைக்ளோஸ்போரினைத் தொடங்கினார். எரிச்சலைப் பற்றி மருத்துவரிடம் சொன்னோம். முதல் வாரங்களில் அது இயல்பு, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு செயற்கைக் கண்ணீர் போட்டுக்கொள்ளலாம் என்றார். அதை முதல் தடவையே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சமையலறை நாள்காட்டியில் அம்மா ஒவ்வொரு நாளும் இரண்டு புள்ளி வைத்தார். இரண்டாவது மாதத்தில் எரிச்சல் குறைந்தது. நான்காவது மாதத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து நாடகம் பார்த்தார், அதை அவர் கவனிக்கவில்லை, நான்தான் கவனித்தேன். ஏழாவது மாதம் மருத்துவர் மீண்டும் வடிதாளை மாட்டினார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எடுத்து அளந்தார்.

8 மில்லிமீட்டர்.

அம்மா அந்தத் துண்டுத் தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்த நாலு மில்லிமீட்டருக்கா ஏழு மாசம்?" என்றார். பிறகு அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.